பிராக் கடிகாரத்தின் நிலா முள்: 379 பல் கணக்கு எங்கே உதைக்கிறது?

#1 கணக்கப்பிள்ளை

பிராக் பழைய நகர மன்றத்தில் உள்ள ஓர்லோய் என்னும் வானியல் கடிகாரத்தின் முகப்புக்குப் பின்னால் ஒரே மையத்தில் மூன்று பெரிய சக்கரங்கள் இருக்கின்றன. குறுக்களவு சுமார் 116 செ.மீ. பல் எண்ணிக்கை 365, 366, 379. மூன்றையும் ஓட்டுவது ஒரே அச்சில் கோத்த மூன்று 24 பல் பினியன்கள் (ஓட்டும் சிறு பல்சக்கரங்கள்). 365 ராசி வளையத்துக்கு, 366 சூரிய முள்ளுக்கு, 379 நிலா முள்ளுக்கு.

சூரிய முள் 24 மணி நேரத்தில் ஒரு சுற்று என்று வைத்துக்கொண்டால், ராசி வளையத்துக்கு 24 × 365 ÷ 366 = 23 மணி 56 நிமிடம் 3.9 விநாடி. உண்மையான நட்சத்திர நாள் 23 மணி 56 நிமிடம் 4.1 விநாடி. அபாரம்.

நிலாவுக்கு அதே கணக்கைப் போட்டால் 24 × 379 ÷ 366 = 24 மணி 51 நிமிடம் 9 விநாடி. வானத்து நிலாவின் சராசரி 24 மணி 50 நிமிடம் 28 விநாடி. ஒரு நாளைக்கு 41 விநாடிதானே என்று விட்டுவிடலாம். ஆனால் அமாவாசைக்கு அமாவாசை எத்தனை நாள் என்று பார்த்தால் 379 ÷ 13 = 29.15 வருகிறது. வர வேண்டியது 29.53. மாதத்துக்கு 9 மணி நேரம் பிசகு. சூரியனுக்கும் நட்சத்திரத்துக்கும் இவ்வளவு நுணுக்கம் பார்த்தவர்கள் நிலாவில் மட்டும் கோட்டை விட்டார்களா? 378 அல்லது 380 என்று இருந்திருந்தால் சரியாகியிருக்குமா?

#2 ஊசல்

இரண்டுமே இன்னும் மோசம். 378 வைத்தால் 378 ÷ 12 = 31.5 நாள். 380 வைத்தால் 380 ÷ 14 = 27.14 நாள்.

366-ஐ அப்படியே வைத்துக்கொண்டு நிலாவுக்கு எத்தனை பல் வேண்டும் என்று பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள். நிலா ஒரு சந்திர மாதத்தில் சூரியனைவிட ஒரு சுற்று குறைவாகச் சுற்றும், அதாவது 29.53 நாளில் 28.53 சுற்று. 366 × 29.53059 ÷ 28.53059 = 378.83. பல்லைப் பின்னமாக வெட்ட முடியாது, ஆகவே 379. அந்த அமைப்பில் கிடைக்கக்கூடிய முழு எண்களில் அதுதான் சிறந்தது. வெட்டியவர் கோட்டை விடவில்லை, அமைப்புதான் அவ்வளவு இடம் கொடுக்கிறது.

சிக்கலின் வேர் இதுதான்: பிறையைத் தீர்மானிப்பது 379-உம் அல்ல, 366-உம் அல்ல, இரண்டுக்கும் உள்ள வித்தியாசமான 13. தேவைப்பட்டது 12.83. 379-இல் 0.17 பல் என்பது கண்ணுக்கே தெரியாத பிழை. அதே 0.17 பல் 13-இல் என்றால் 1.3 சதவீதம். இரண்டு பெரிய எண்களைக் கழித்து ஒரு சிறிய எண்ணை எடுக்கும் எந்த எந்திரத்திலும் இது நடக்கும். ராசி வளையம் தப்பித்ததற்குக் காரணம், வருடத்துக்கு நட்சத்திர நாள்கள் சூரிய நாள்களைவிடச் சரியாக ஒன்று அதிகம். 365, 366 என்பது இயற்கையாகவே அமைந்த ஜோடி. நிலாவுக்கு அப்படி ஒரு அதிர்ஷ்டம் இல்லை.

#3 மூன்றாம்பிறை

ஊசல் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நிலா–சூரிய இடைக்கோணம் உண்மையில் ஒரு நாளைக்கு 12.19 பாகை வளர்கிறது. 379/366-இல் 12.35 பாகை வளர்கிறது. ஒரு வருடத்தில் 57.5 பாகை முந்திவிடும். பிறை நாளில் சொன்னால் 4.7 நாள். இந்தச் சக்கரங்களை மட்டும் நம்பினால் ஆள் வைத்து அவ்வப்போது பின்தங்கிப்போன நிலா முள்ளை முன்னுக்குத் தள்ளத்தான் வேண்டும். மத்தியகாலக் கோபுரக் கடிகாரங்களுக்குக் காவலாளி சம்பளத்தில் இருந்தது சும்மா அல்ல.

வேடிக்கை என்னவென்றால் அதே முள்ளின் நுனியில் இருக்கும் நிலாக் கோளம் இந்தப் பிழையில் பங்கெடுப்பதில்லை. பாதி வெள்ளி, பாதி கறுப்பு பூசிய கோளம். தன்னைத்தானே சுற்றி வளர்பிறை தேய்பிறை காட்டும். அதற்கு 379-இலிருந்து எந்தப் பல்லும் போகவில்லை. கோளத்துக்குள் ஒரு எடை, ஒரு திருகுமரை, 57 பல் உள்ள ஒரு சக்கரம். முள் முகப்பைச் சுற்றி வரும்போது எடை எப்போதும் தரையைப் பார்த்தே தொங்கும்; ஆக ஒரு சுற்றில் முள்ளுக்கும் எடைக்கும் இடையே ஒரு முழுத் திருகல் கிடைக்கிறது. அது 57 பல் சக்கரத்தை 2 பல் நகர்த்துகிறது. 57 ÷ 2 = 28.5 சுற்றுக்கு ஒரு முழுப் பிறை வட்டம். தேவை 28.53. 17-ஆம் நூற்றாண்டின் நடுவில் பெயர் தெரியாத ஒருவர் சேர்த்த வேலை இது.

இப்போது 28.5-ஐ நிலா முள்ளின் தவறான வேகத்தோடு பெருக்குங்கள்: 28.5 × 379 ÷ 366 = 29.512 நாள். முள்ளின் வேகம் சரியாக இருந்திருந்தால் 29.499 நாள்தான் வந்திருக்கும். 379-இன் பிழை கோளத்துக்கு நன்மை செய்கிறது! மாதத்துக்கு 46 நிமிடம் இருக்க வேண்டிய பிழை 26 நிமிடமாகக் குறைகிறது. ஆக, இரண்டையும் சரியாக வைத்துவிட்டு ஒரு வருடம் தொடாமல் விட்டால், கோளம் கிட்டத்தட்ட சரியான பிறையைக் காட்டும். முள் நிற்கும் இடமோ வேறு பிறையைச் சொல்லும்.

#4 கணக்கப்பிள்ளை

அருமை. அப்படியென்றால் இன்னொரு கேள்வி. பௌர்ணமி அன்று நிலா முள்ளும் சூரிய முள்ளும் நேர் எதிராக, 180 பாகையில் நிற்க வேண்டும் அல்லவா? பௌர்ணமி நாள் படங்களில் பார்த்தால் சில சமயம் 170, சில சமயம் 190 போலத் தெரிகிறது. இது பல் பிழையா, வேறு எதாவதா?

#5 வடமீன்

பல் பிழையும் இருக்கலாம். ஆனால் அந்த முகப்பில் இரண்டு முள்ளுக்கு இடையே உள்ள கோணத்தை அளந்து பிறையைச் சொல்லவே கூடாது.

ஓர்லோய் முகப்பு ஓர் அஸ்ட்ரோலேப். வான கோளத்தை வட துருவத்திலிருந்து தட்டையாக வீழ்த்தி வரைந்த படம். ராசி வளையம் முகப்பின் மையத்தில் இல்லை. தள்ளிப்போன மையத்தில் சுற்றுகிறது. வளையத்தில் 12 ராசிகளும் ஒரே அகலத்தில் இருப்பதில்லை, ஒரு பக்கம் நெருங்கி மறுபக்கம் விரிந்திருக்கும். சூரியச் சின்னமும் நிலாக் கோளமும் முள்ளில் ஆணி அடித்து நிற்கவில்லை. ராசி வளையத்தின் மேலேயே இருக்கும்படி முள்ளின் நீளத்தில் மேலும் கீழும் வழுக்குகின்றன.

ஆகவே வாசிக்கும் முறை: சூரியச் சின்னம் வளையத்தில் எந்த ராசி, எத்தனையாவது பாகை என்று பாருங்கள். நிலாவுக்கும் அதே. இரண்டையும் கழியுங்கள். அந்த வித்தியாசம் 180 என்றால் பௌர்ணமி. முள்ளின் கோணம் சொல்வது வேறு விஷயம். அது ராசிவட்டத்தில் அல்ல, வான நடுவரையில் அளந்த கோணம். இரண்டுக்கும் சில பாகை வித்தியாசம் வரும். எதிரெதிர் ராசிப் புள்ளிகள் மட்டும் மையத்தின் வழியே நேர்கோட்டில் விழும் என்பதால் பௌர்ணமியில் இந்த வித்தியாசம் தானாகவே அடிபட்டுப் போகும். ஆகவே நீங்கள் பார்த்த 170, 190 முக்கியமாகப் பல் பிழையாலோ, நிலாவின் சீரற்ற ஓட்டத்தாலோ வந்தது. அரைநிலா நாள்களில்தான் முள் கோணத்தை நம்பினால் வசமாக மாட்டிக்கொள்வீர்கள்.

#6 பட்டறைமணி

இதே மூன்று சக்கரத்தைப் பிளைவுட்டில் லேசர் கட்டிங் செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மூன்றும் ஒரே மையத்தில், மூன்று பினியனும் ஒரே அச்சில். அதாவது மைய இடைவெளி மூன்று ஜோடிக்கும் ஒன்றே. மூன்றுக்கும் மாட்யூல் (பல்லின் அளவு: சக்கர விட்டம் ÷ பல் எண்ணிக்கை) 1 போட்டு வரைந்தால்:

365 + 24 → 194.5 மி.மீ.
366 + 24 → 195 மி.மீ.
379 + 24 → 201.5 மி.மீ.

195-இல் துளை போட்டால் 365 ஓடும், அரை மி.மீ. கூடுதல் இடைவெளி பல் ஆட்டத்தை 0.36 மி.மீ. கூட்டும், அவ்வளவுதான். 379 உள்ளே நுழையவே நுழையாது. அதன் ஜோடிக்கு மட்டும் மாட்யூலை 390 ÷ 403 = 0.968 ஆக மாற்றுங்கள், சக்கரத்துக்கும் பினியனுக்கும் சேர்த்து. 365 ஜோடியையும் ஒழுங்காகச் செய்ய விரும்பினால் 1.0026. இணையத்தில் கிடைக்கும் கியர் வரையும் மென்பொருள்கள் பெரும்பாலும் பின்ன மாட்யூலை ஏற்றுக்கொள்ளும். பட்டியலில் உள்ள மாட்யூலை மட்டும் ஏற்கும் ஒன்றிரண்டு உண்டு, அவற்றைத் தவிருங்கள்.

379 பகா எண். டிவைடிங் ஹெட்டில் (வட்டத்தைச் சம பாகமாகப் பிரிக்கும் கருவி) வெட்டுபவர்கள் டிஃபரென்ஷியல் இன்டெக்ஸிங் (பிரிக்கும் தட்டையே கூடச் சுழற்றும் முறை) இல்லாமல் தொட முடியாது. லேசருக்கும் சிஎன்சி-க்கும் எல்லா எண்ணும் ஒன்றுதான்.

லேசர் வெட்டு அகலம் பொருளைப் பொறுத்து 0.15 முதல் 0.2 மி.மீ. மாட்யூல் 1-இல் பல்லின் தடிமனே 1.57 மி.மீ. ஈடு கொடுக்காமல் வெட்டினால் ஒவ்வொரு பல்லும் அந்த அளவு மெலியும். பினியனை மட்டும் 5 மி.மீ. அக்ரிலிக்கில் வெட்டுவது நல்லது. பிளைவுட் பினியனில் அடுக்கு பிரிந்து முதலில் போவது பல் நுனி. எம்டிஎஃப் வேண்டவே வேண்டாம், மழைக்காலத்தில் ஊதி 379 பல்லும் இறுகும்.

#7 ஊசல்

மாதிரி செய்பவர்கள் பிராக் அமைப்பை அப்படியே நகலெடுக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லாவிட்டால், நிலாவை நாளிலிருந்து ஓட்டாதீர்கள். சூரியனிலிருந்து கழித்து ஓட்டுங்கள். அப்போது 13 என்ற சின்ன வித்தியாசத்தை நம்ப வேண்டியதில்லை, 29.53-ஐயே நேரடியாகப் பல்லில் வெட்டலாம்.

அமைப்பு: சட்டத்தில் அசையாமல் ஒரு 16 பல் பினியன், நடு மையத்தில். நாளுக்கு ஒரு சுற்று சுற்றும் சூரியத் தட்டு அதன் முன்னால். தட்டின் ஓரத்தில் ஒரு துணை அச்சு. அந்த அச்சின் பின்பக்கம் 90 பல் சக்கரம், நடுவில் உள்ள அசையாப் பினியனைக் கவ்வும். அதே அச்சின் முன்பக்கம் இன்னொரு 16 பல் பினியன், அது நடு மையத்தில் தளர்வாகச் சுழலும் 84 பல் சக்கரத்தைக் கவ்வும். நிலா முள் அந்த 84-இன் குழாயில்.

90 × 84 ÷ (16 × 16) = 29.53125. உண்மை 29.53059. மாதத்துக்கு 57 விநாடி. ஒரு நாள் பிசக 122 வருடம்.

மைய இடைவெளி: 16 + 90 மாட்யூல் 1-இல் 53 மி.மீ. 16 + 84 ஜோடிக்கு மாட்யூல் 1.06 போட்டால் அதுவும் 53. அசையாப் பினியனின் அடிவட்டம் 13.5 மி.மீ.; நடுவே 8 மி.மீ. துளை போட இடம் உண்டு, சூரியத் தட்டின் அச்சு அதன் வழியே வரட்டும்.

பல் கவ்வல்கள் இரண்டு என்பதால்தான் நிலா சூரியனுக்குப் பின்தங்குகிறது. இடத்துக்காக நடுவில் ஓர் ஐட்லர் சக்கரம் செருகினால் திசை திரும்பி, நிலா தினமும் சுமார் 50 நிமிடம் முன்னதாக உதிக்க ஆரம்பிக்கும். ஓட்டிப் பார்க்கும்போது முதலில் இதைச் சோதியுங்கள்: சூரியத் தட்டைக் கையால் 10 சுற்று சுற்றினால் நிலா முள் சுமார் 122 பாகை பின்தங்கியிருக்க வேண்டும்.

பிறைக் கோளத்துக்கு எடையும் திருகும் வேண்டாம். சூரிய அச்சுக்கும் நிலாக் குழாய்க்கும் உள்ள வித்தியாசமே பிறைதான். சூரிய அச்சில் ஒரு பெவல் (கூம்பு வடிவ) சக்கரம், நிலா முள்ளின் நீளவாக்கில் ஒரு கம்பி, கம்பியின் அடியில் அதே எண்ணிக்கைப் பல் உள்ள இன்னொரு பெவல். கோளம் கம்பியின் நுனியில்.

#8 பட்டறைமணி

ஊசலின் அமைப்பில் ஒரு விஷயம் கவனிக்க. 84 பல் சக்கரத்தின் ஆரம் 44.5 மி.மீ.தான். கவ்வலில் 0.35 மி.மீ. ஆட்டம் இருந்தால் முள்ளில் 0.45 பாகை, பிறைக் கணக்கில் 53 நிமிடம். முள்ளுக்கு எதிர் எடை வைக்காவிட்டால் உச்சியைத் தாண்டும்போது அந்த ஆட்டம் முழுவதும் ஒரே அடியாக விழும். தினமும் ஒரு முறை நிலா நொண்டும். வால் பக்கம் ஈயத் துண்டு ஒட்டிச் சமன் செய்யுங்கள். இது நிலையான பிசகு, சேர்ந்துகொண்டே போகாது. 379-இன் பிசகு சேரும்.

#9 தேய்பிறை

இவ்வளவு எதற்கு? சுவர்க் கடிகாரங்களில் 59 பல் தட்டுதானே, 12 மணிக்கு ஒரு பல். 59 அரை நாள் = 29.5 நாள். போதாதா?

#10 மூன்றாம்பிறை

> 59 பல் போதாதா?

மாதத்துக்கு 44 நிமிடம் பிசகும். இரண்டு வருடம் எட்டு மாதத்தில் ஒரு நாள். யாராவது திருத்திக்கொண்டே இருப்பார்கள் என்றால் தாராளமாகப் போதும்.

59 மிகப் பழைய எண். அல்-பிரூனி 11-ஆம் நூற்றாண்டில் விவரித்த ‘நிலாப் பெட்டி’, அஸ்ட்ரோலேப்பின் முதுகில் பொருத்தும் பல்சக்கர நாட்காட்டி, அதையே அடிப்படையாகக் கொண்டது. சக்கரங்கள் எட்டு: 7, 10, 19, 24, 40, 48, 59, 59. கையால் வாரத்துக்கு ஒரு சுற்று, அதாவது நாளுக்கு ஒரு பல் திருப்ப வேண்டிய 7 பல் சக்கரம் 59 பல்லை ஓட்டினால் 59 நாளுக்கு ஒரு சுற்று. அதுவே இரண்டு சந்திர மாதம், 30 நாள் ஒன்று, 29 நாள் ஒன்று. அங்கிருந்து 19 → 59, 24 → 48 என்று போனால் சூரியனுக்கு 59 × 59 ÷ 19 × 2 = 366.4 நாள். நிலா ராசிவட்டத்தைச் சுற்ற 7 × 40 ÷ 10 = 28 நாள்; உண்மை 27.3. சுமாரான எண்கள்தான், ஆனால் கையில் பிடித்துத் திருப்பும் கருவிக்கு எட்டே சக்கரத்தில் மூன்று ஓட்டம். ஆக்ஸ்ஃபோர்டு அருங்காட்சியகத்தில் இருக்கும் இஸ்ஃபஹான் அஸ்ட்ரோலேப் (ஹிஜ்ரி 618, கி.பி. 1221/22) இந்த வழியில் வந்ததுதான், பல்சக்கரங்கள் இன்னும் உள்ளே இருக்கின்றன.

#11 கணக்கப்பிள்ளை

29.53059-ஐத் தொடர்பின்னமாக விரித்துப் பார்த்தேன்: 59/2, 443/15, 502/17, 1447/49. கடைசியது மாதத்துக்கு 2 விநாடிதான் பிசகும். ஆனால் 443, 1447 இரண்டும் பகா எண்; 502 = 2 × 251, அதுவும் உதவாது. இரண்டு சக்கரமாகப் பிரிக்க முடியாத எண்ணை வைத்து என்ன செய்வது! ஹிஜ்ரி அட்டவணை நாட்காட்டியின் 30 வருடச் சுழற்சி (360 மாதம், 10631 நாள்) கிட்டத்தட்ட அதே துல்லியம், மாதத்துக்கு 3 விநாடி; 10631-உம் பகா எண். காகிதத்தில் எண்ணுபவருக்கு இது ஒரு பொருட்டே இல்லை, 30 வருடத்தில் 11 தடவை ஒரு நாள் கூட்டினால் முடிந்தது.

பிரியக்கூடியதில் 2392/81 கிடைத்தது. (46 ÷ 9) × (52 ÷ 9). மாதத்துக்கு 24 விநாடி.

#12 ஊசல்

2392/81 நல்ல எண். 9 பல் பினியனை 20 பாகை இன்வால்யூட்டில் (வழக்கமான பல் வளைவு) வெட்டினால் அடி குடைந்து பல் ஒல்லியாகிவிடும். 18 → 92, 18 → 104 என்று இரட்டித்துக்கொள்ளுங்கள். மைய இடைவெளி 55, 61. மாட்யூல் விகிதம் 1.109. ஆனால் 945/32-இன் (என் 90, 84 அமைப்பு) 57 விநாடிக்கும் இதன் 24 விநாடிக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மனித ஆயுளில் அரை நாளுக்கும் குறைவு. நான் 90, 84-ஐத்தான் வெட்டுவேன்.

#13 வடமீன்

நம்மவர்களுக்குச் சுவையான ஒன்று. இங்கிலாந்தின் வெல்ஸ் பேராலயக் கடிகாரம், 1390 வாக்கில் செய்தது. உள்வட்டத்தில் நிலாவின் வயது 1 முதல் 30 வரை எழுதியிருக்கும். நிலாவின் வயது என்றால் நாள் என்றுதான் எல்லோரும் வாசிப்பார்கள். ஆனால் மாதம் 29.53 நாள், கட்டம் 30. சீராக ஓடும் குறி ஒரு கட்டத்தைக் கடக்க எடுப்பது 24 மணி அல்ல, 23 மணி 37 நிமிடம். 360 பாகை இடைக்கோணத்தை 30-ஆல் வகுத்தால் 12 பாகை.

அது திதி. பெயர் வைக்காமலேயே மத்திம திதி காட்டும் முகப்பு அது. 15-இல் பௌர்ணமி முடியும், 30-இல் அமாவாசை முடியும்.

முகப்பு வரைபவர்களுக்கு: நாள் கணக்கு வேண்டுமென்றால் வட்டத்தை 29½ ஆகப் பிரியுங்கள், கடைசிக் கட்டம் அரைக் கட்டம். 30 சமக் கட்டம் போட்டுவிட்டு அதை நாள் என்று வாசித்தால் மாதக் கடைசியில் ஏறக்குறைய அரை நாள் முன்னே போயிருக்கும்.

#14 தேய்பிறை

அப்போது அந்த முகப்பை வைத்து ஏகாதசி பார்த்துவிடலாமா?

#15 வடமீன்

பார்க்கலாம், விரதம் தப்பும். சராசரித் திதி 23 மணி 37 நிமிடம். பஞ்சாங்கத் திதி உண்மையான நிலாவுடையது. ஏறக்குறைய 20 மணியிலிருந்து 26 மணிக்கு மேல்வரை நீளும் குறுகும். நிலாவின் பாதை நீள்வட்டம், அண்மையில் வேகம், சேய்மையில் மந்தம். அந்த வேக மாற்றம் 27.55 நாளுக்கு ஒருமுறை திரும்பும். சீரான பல்சக்கரம் காட்டும் அமாவாசைக்கும் உண்மையான அமாவாசைக்கும் அதிகபட்சம் 14 மணி நேரம் வரை வித்தியாசம் வரும், சக்கரம் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும்.

வாக்கிய பஞ்சாங்கத்தின் 248 சந்திர வாக்கியங்கள் இதற்குத்தான். 27.55 × 9 = 248 நாள். நாளுக்கு ஒரு வாக்கியம், ஒவ்வொன்றிலும் நிலாவின் இடம். 248 முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

பல்சக்கரத்திலேயே இதைச் சாதித்தவர் பதுவாவின் ஜொவான்னி தோந்தி. 1364-இல் முடித்த அவருடைய அஸ்ட்ரேரியம் என்ற கோள் கடிகாரத்தில் 107 சக்கரங்களும் பினியன்களும். நிலாவுக்கு வட்டமல்லாத, நீள்வட்டச் சக்கரங்களை வெட்டி வேகத்தை ஏற்றி இறக்கினார். அதே கடிகாரத்தின் வருடச் சக்கரம் 365 பல். லீப் வருடத்தில் ஒரு நாள் முழுக்க நிறுத்தி வைக்க வேண்டும்! நிலாவின் நுணுக்கத்துக்கு அவ்வளவு பாடுபட்டவர் இதைச் சாதாரணமாக விட்டுவிட்டார் என்பது எனக்குப் பிடித்த விஷயம். நான்கு வருடத்துக்கு ஒருமுறை கையால் செய்வதற்குச் சக்கரம் எதற்கு? செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தலைவர் ரிச்சர்டு ஆஃப் வாலிங்ஃபோர்டு இதற்கும் முன்பே, 1336-இல் இறப்பதற்குள், சூரியனின் சீரற்ற ஓட்டத்துக்கு வட்டமல்லாத சக்கரம் வடிவமைத்திருந்தார்.

#16 பட்டறைமணி

மேலே சொன்ன 14 மணி நேரம் நடைமுறையில் எங்கே கடிக்கும் என்றால், நிலா முள்ளை முதன்முதலில் பொருத்தும்போது. காலண்டரில் அமாவாசை நேரம் பார்த்து, அந்த நேரத்தில் சூரியனோடு சேர்த்து இறுக்கிவிடுவார்கள். அந்த மாதப் பிசகு நிரந்தரமாக உள்ளே போய் உட்கார்ந்துவிடும்.

சராசரி அமாவாசையைக் கணக்கிட்டு வையுங்கள். 2000 ஜனவரி 6, உலக நேரம் 14:20-இல் ஒரு சராசரி அமாவாசை (உண்மையானது 18:14). அதன் ஜூலியன் நாள் எண் 2451550.0977. அதிலிருந்து 29.530589-இன் மடங்குகளைக் கூட்டிக்கொண்டே போகலாம். 322 மாதம் கூட்டினால் 2461058.947, அதாவது 2026 ஜனவரி 18, 10:44. நம் நேரம் மாலை 4:14. உண்மையான அமாவாசை அன்று உலக நேரம் 19:52. ஒன்பது மணி நேர வித்தியாசம். 19:52-ஐ வைத்து இறுக்கியிருந்தால் முள் காட்டும் பிறை என்றைக்குமே 4.6 பாகை பின்தங்கியே இருக்கும்.

நிலாக் குழாயை முள்ளோடு ஒட்டிவிடாதீர்கள். பிளவு வளையம், ஒரு திருகு. திருத்தும்போது திருகைத் தளர்த்தி முள்ளை மட்டும் நகர்த்தலாம்.

#17 தேய்பிறை

பழைய கடிகாரங்களே தினமும் கால் மணி நேரம் பிசகும் என்பார்களே. அதில் ஓடும் நிலா எப்படித் தாங்கும்?

#18 ஊசல்

நல்ல கேள்வி. வெர்ஜ், ஃபோலியட் (ஊசலுக்கு முந்தைய, ஆடும் குறுக்குத்தண்டால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு) வைத்த கடிகாரம் நாளுக்கு 15 நிமிடம் பிசகுவது சாதாரணம். ஊசல் வந்தது 1656-க்குப் பிறகுதான். காவலாளி சூரியக் கடிகாரத்தைப் பார்த்துத் தினமும் சரிசெய்வார். அவர் எப்படிச் சரிசெய்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஃபோலியட்டை விடுவித்து முழுத் தொடரையும் ஓடவிட்டோ, நிறுத்தி வைத்தோ சரிசெய்தால், நிலா முள்ளும் அதே விகிதத்தில் கூடவே சரியாகும். நிலா எண்ணுவது எஸ்கேப்மென்டின் (சக்கரத்தைப் பல் பல்லாக விடுவிக்கும் அமைப்பு) அடிகளை அல்ல, சூரிய முள்ளின் சுற்றுகளை. மணி முள்ளை மட்டும் உராய்வில் நழுவவிட்டுத் திருப்பினால், அந்த 15 நிமிடம் நிலாவில் தங்கிவிடும். மாதத்துக்கு ஏழரை மணி நேரம். ஆகவே மாதிரியில் நழுவும் இணைப்பு (ஸ்லிப் கிளட்ச்) வைப்பதானால் மோட்டாருக்கும் முதல் சக்கரத்துக்கும் நடுவில் வையுங்கள், முள்ளுக்கு அடியில் வேண்டாம்.

#19 மூன்றாம்பிறை

தேவாலயக் கணக்கு இந்தச் சக்கரங்களோடு ஒருபோதும் ஒட்டாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஈஸ்டர் நாளைத் தீர்மானித்தது வானத்து நிலாவோ பல்சக்கர நிலாவோ அல்ல, 19 வருடச் சுழற்சியின் ஏட்டு நிலா. 235 மாதம், 30-உம் 29-உமாக மாறி மாறி, ஏழு மிகை மாதம், கடைசியில் ஒரு நாள் தாண்டல். வருட எண்ணை 19-ஆல் வகுத்து மீதியோடு 1 கூட்டினால் பொன் எண், 2026-க்கு 13. 19 ஜூலியன் வருடம் 6939.75 நாள், 235 சந்திர மாதம் 6939.69 நாள். சுமார் 308 வருடத்துக்கு ஒரு நாள் நழுவி நழுவி, 1582 திருத்தத்துக்குள் ஏட்டு நிலா வானத்து நிலாவுக்கு நாலு நாள் பின்னால் போயிருந்தது.

ரோஸ்டாக் மரியன்னை தேவாலயத்தில் ஹான்ஸ் டூரிங்கர் 1472-இல் செய்த கடிகாரம் இந்த இரண்டையும் கலக்காமல் வைத்திருக்கிறது. மேலே வானியல் முகப்பு, பல்லில் ஓடும். கீழே நாட்காட்டித் தட்டு. பொன் எண்ணும் ஈஸ்டர் தேதியும் முன்கூட்டியே கணக்கிட்டு எழுதியவை. தட்டு தீர்ந்தால் புதிதாக எழுதி மாட்ட வேண்டியதுதான். 1885 முதல் ஓடிய தட்டு 2017-இல் தீர்ந்தது. இப்போது இருப்பது 2018 முதல் 2150 வரை. 133 வருடம், ஏழு பத்தொன்பது. ஈஸ்டரைப் பல்சக்கரத்திலேயே கணக்கிடும் எந்திரத்தைக் கடிகாரக் கலைஞர் ஷ்வில்கே ஸ்ட்ராஸ்பூர்க்கில் 1842-இல்தான் முடித்தார்.

#20 கணக்கப்பிள்ளை

எடை வைத்த பிராக் கோளத்தையே செய்து பார்க்க விரும்பினால், 57 பல், ஒரு சுற்றுக்கு 2 பல். இரட்டைத் தொடக்க வார்ம் (இரண்டு மரை ஓடும் திருகு) போதுமா?

#21 பட்டறைமணி

போதும், இரட்டைத் தொடக்க வார்ம் ஒரு சுற்றுக்கு 2 பல் நகர்த்தும். சிக்கல் உராய்வில். கோளத்தின் அச்சு இறுகலாக இருந்தால் எடை தரையைப் பார்த்து நிற்காமல் முள்ளோடு சேர்ந்து மேலே ஏறிவிடும், பிறை அன்றைக்கு நகராது. சோதனை எளிது: முள்ளைப் படுக்கை நிலைக்குக் கொண்டுவாருங்கள், எடை நேர்கீழ் நிலையிலிருந்து எத்தனை பாகை விலகி நிற்கிறது என்று பாருங்கள். 20 பாகைக்குள் இருந்தால் பயமில்லை. 60-ஐத் தாண்டினால் எண்ணெய் போட்டுப் பயனில்லை, எடைக்கு ஈயம் அல்லது டங்ஸ்டன் வைத்து அதை அச்சிலிருந்து தள்ளி வையுங்கள். 60 மி.மீ. கோளத்துக்குக் கீழே போகாதீர்கள், எடைக்குக் கைநீளம் கிடைக்காது. வார்முக்குப் பித்தளை, சக்கரத்துக்கு டெல்ரின் (கடினப் பிளாஸ்டிக்). வார்மின் சாய்வு எந்தப் பக்கம் என்பதை வெட்டுவதற்கு முன் பாருங்கள். தப்பாகப் போனால் தேய்பிறை முதலில் வரும், கோளத்தைப் பிரித்து வார்மை மாற்றுவதைத் தவிர வழியில்லை.